கம்பத்தில் என் முகம்

கொரோனா ஓரளவு அடங்கிய பிறகு வந்த தேர்தலில் நான் இரண்டாம் தடவையாக நின்றேன், டென்மார்க்கின் சின்னத் தீவு ஒன்றின் சபைக்கு. சபை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு துறைமுகம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு முதியோர் இல்லம், மிச்சமெல்லாம் காற்று. தமிழ்க் குடும்பம் என்று எங்களுடையது மட்டும்தான். பெருநிலத்தில் ஹேர்னிங் நகரில் இருக்கும் சொந்தக்காரர்கள், "உனக்கென்ன விசரே, அந்தத் தீவில என்ன கிடக்கு?" என்று இன்றைக்கும் கேட்பார்கள்.

எனக்கு அந்த முதியோர் இல்லம் கிடந்தது. வருடக்கணக்காக அங்கே பராமரிப்பு வேலை செய்தவள் நான். தொற்றுக் காலத்துச் செலவைக் காட்டி, அதில் ஒரு பகுதியை மூடலாம் என்று சபையில் பேச்சு எழுந்தது. மூடினால் அங்கிருக்கும் பாதிப் பேரைப் படகேற்றி அக்கரைக்கு அனுப்ப வேண்டும். கணவன் இங்கே, மனைவி அங்கே. சபையில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. நான் தோற்றால் அந்தக் கதவு மூடும். அதற்காகத்தான் மறுபடி நின்றேன்.

குடும்பத்தைப் பிரித்து வைப்பது பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில் என் கணவர் இங்கே அகதி, நான் யாழ்ப்பாணத்தில். அவரிடம் வர எனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்துச் சொல்லின்படி கிடப்பில் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு அது தமிழர் வழக்கு என்று பெயர் பெற்று, ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு வந்து, இது உங்களைப் பற்றியதா என்று டேனிஷில் கேட்டாள். ஓம் என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

விசா என்னவாயிற்று என்று விசாரிக்க அந்த நாட்களில் நான் அடிக்கடி கொழும்புக்குப் போவேன். தனியாக விடமாட்டேன் என்று தம்பியும் கூட வருவான். இவன் ஏன் ஓயாமல் கொழும்புக்குப் போகிறான், அங்கே யாரைப் பார்க்கிறான் என்று யாருக்கோ சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு காலையில் சந்தி மின்கம்பத்தில் அவனைக் கட்டிவைத்துச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு காகித மட்டை, அதில் துரோகி என்று எழுத்து. யார் செய்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அவிழ்க்கவும் யாரும் வரவில்லை. வந்தால் அடுத்த கம்பம் தங்களுக்கு என்ற பயம். அம்மா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தாங்கினார், நான் அடுப்படிக் கத்தியால் கயிற்றை அறுத்தேன். அந்தப் பாரம் அம்மாவுக்குத் தாங்கவில்லை. அவன் நிலத்தில் விழுந்தான்.

முதல் தேர்தலை நான் வீடு வீடாகப் போய்க் கோப்பி குடித்தே வென்றேன். இந்த முறை தொற்று மறுபடி தலைதூக்கியிருந்ததால் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. எங்கள் கட்சியின் தீவுத் தலைவர், படகில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்ற நெடிய மனிதர், ஒரு யோசனை சொன்னார்.

"எல்லாரும் உன்னை இவ்வளவு நாளும் மாஸ்க்கோடதான் பார்த்திருக்கிறார்கள். உன் முகமே மறந்து போயிருக்கும். கம்பங்களில் கட்டிவிடுவோம்."

இங்கே அது வழக்கம். தேர்தல் வந்தால் மின்கம்பம்தோறும் மட்டையில் அச்சிட்ட வேட்பாளர்கள் சிரித்துக்கொண்டு தொங்குவார்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். டேனிஷில் அந்தக் காரணத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தமிழிலும் இல்லை. சரி என்றேன்.

ஓகூஸ் நகரத்திலிருந்து சனி ஞாயிறுக்கு வந்த மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. துறைமுகக் கம்பத்தில் தொங்கிய என் முகத்தைப் படம் பிடித்து, டேனிஷில் ஒரு வரியும் சிவப்பு இதயமும் போட்டு, குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். யாழ்ப்பாணத்தில் கம்பத்தில் ஒரு முகம் தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கண்ணீர் அஞ்சலி. அதுவும் வெளிநாட்டிலிருந்து சாவுச் செய்தி வந்துகொண்டேயிருந்த காலம். சற்று நேரத்தில், ஊரில் அம்மாவோடு இருக்கும் அக்கா போன் எடுத்தாள்.

"எடி, நீ உயிரோடயோ இருக்கிறாய்? அம்மா தலையில அடிச்சுக் குழறுறா. அயல் சனமெல்லாம் முற்றத்துக்கு வந்திட்டுது!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். பிறகு அம்மா போனை வாங்கினார். அவர் குரலில் அழுகை இல்லை.

"லைற் போஸ்ற்றிலயோ பிள்ளை கட்டியிருக்கு?"

"ஓம் அம்மா. தேர்தலுக்கு. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்."

"இறக்கு."

"இறக்கினா நான் தோத்துப்போவன் அம்மா. கிழடுகளப் பிரிச்சு அனுப்பிப்போடுவாங்கள்."

"உன்னையும் அதில பாக்க என்னால ஏலாது. இறக்கிப்போட்டு என்னோட கதை."

அதன் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. நான் இறக்கவும் இல்லை. அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட. வேலைக்குச் சைக்கிளில் போகும்போது எந்தத் தெருவால் போனாலும் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவெல்லாம் அடித்த காற்றில் துறைமுகத்து மட்டையின் மேல்கட்டு அறுந்து, முகம் முன்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. சைக்கிளை விட்டு இறங்கினேன். தள்ளியே நின்றேன். அது மட்டை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தம்பியின் கழுத்து அப்படித்தான் மடிந்திருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. மத்தியானம் தலைவர் போய் நேராக்கிக் கட்டிவிட்டு, "இப்போது வடிவாக இருக்கிறாய்" என்று போனில் சொன்னார்.

வாக்கு எண்ணியபோது எங்கள் பக்கத்தில் கடைசி ஆளாகச் சபைக்குள் வந்தேன். இல்லத்தின் கதவு மூடப்படாது என்று உறுதியானது. வேலையிடத்தில் கேக் வெட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எடுத்தேன். அவர் போனுக்கு வரவில்லை.

தேர்தல் முடிந்தால் கட்டியவர்களே கழற்ற வேண்டும். தலைவர் ஏணியோடும் வெட்டுக் குறட்டோடும் வந்தார். துறைமுகக் கம்பத்தைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அவர் ஏறப் போனார். நான் ஏறுகிறேன் என்று குறட்டை வாங்கிக்கொண்டேன்.

"வெட்டிக் கீழே போடு. வெறும் மட்டைதானே."

"விழ விடாதேங்கோ. பிடியுங்கோ," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. டேனிஷில் மறுபடி சொல்லப் போனேன். தேவைப்படவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு கைகளையும் உயர்த்தி அந்த மட்டையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார். கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டிகளை வெட்டினேன். அவர் அதை மெதுவாகக் கொண்டுபோய் வண்டியில் கிடத்தினார்.

அங்கேயே நின்று அக்காவுக்கு எடுத்து, போனை அம்மாவின் காதில் வைக்கச் சொன்னேன்.

"இறக்கிப்போட்டன் அம்மா. எல்லாம் இறக்கியாச்சு."

அம்மா கேட்டது ஒன்றுதான்.

"ஆர் கீழ நிண்டு பிடிச்சது?"

"எங்கட கட்சித் தலைவர் அம்மா. வெள்ளைக்காரர். நிலத்தில விழ விடேல்லை."

"அண்டைக்கு அவனைப் பிடிக்க ஒருத்தரும் வரேல்லையே பிள்ளை," என்றார் அம்மா.