அப்புத்துரை முதலாளி எழும்பாத கதிரை

மீனலோசனி ஆசைப்பட்டது தட்டெழுத்துப் படிக்க. வேலணைப் பக்கத்தில் இருந்த தொழிற்பயிற்சிக் கல்லூரிக்குத் தாய் அன்னபூரணத்தோடு நயினாதீவிலிருந்து கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது தட்டெழுத்து வகுப்பு நிரம்பிவிட்டது. மரவேலை வகுப்பில் மட்டும் இடம் இருந்தது.

"இவ்வளவு தூரம் லோஞ்சும் பஸ்ஸும் ஏறி வந்திட்டம். வெறுங்கையோடை திரும்பினால் சனம் சிரிக்கும். ஏதோ ஒண்டிலை சேர்," என்றாள் அன்னபூரணம்.

சனம் சிரிக்கத்தான் செய்தது. மீனலோசனிக்கோ மரம் பிடித்துப்போயிற்று. சீவுளி ஓடும்போது சுருண்டு விழும் சீவல்களைக்கூட அவள் எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தாய் அவற்றை அடுப்பில் வைத்தாள்.

எண்பத்து நான்காம் ஆண்டு இறுதிப் பரீட்சை வந்தது. ஒவ்வொருவரும் கைப்பிடி வைத்த கதிரை ஒன்றை வீட்டில் செய்து முடித்துக் கொண்டுவர வேண்டும். சித்தியடைந்தால் கல்லூரிப் பட்டறையிலேயே மீனலோசனிக்கு வேலை. தவறினால் வீட்டில் இருந்து மிளகாய் இடிக்க வேண்டியதுதான். அன்னபூரணம் அதற்கு உலக்கையையும் காட்டியிருந்தாள்.

கதிரை நன்றாகவே வந்தது. கால்களும் சட்டங்களும் இறுகப் பொருந்தின. மிஞ்சியது இருக்கைப் பலகை. அதை வச்சிரப் பசையால் ஒட்ட வேண்டும் என்பது பரீட்சை விதி. மீனலோசனி பசையைக் குசினியில் காய்ச்சினாள். மணம் வீடெங்கும் பரவியது.

"என்னடி இது நாறுது? எதிலை செய்யிறது?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "மாட்டுத் தோலிலையும் குளம்பிலையும், அம்மா."

அன்று வெள்ளிக்கிழமை.

"அம்மன்ரை ஊரிலை, வெள்ளிக்கிழமையிலை, என்ரை குசினியிலை மாடு காய்ச்சிறியோ!"

பசை, சட்டி, கிண்டிய அகப்பை எல்லாம் கடலுக்குப் போயின. குசினிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. தாயும் மகளும் தலை முழுகினார்கள்.

வேறு பசை தேடிப் போக நேரமில்லை. மீனலோசனி பலகையைக் கீழ்ப்பக்கமாகத் திருகாணி போட்டுப் பூட்டி, ஆணித் தலைகளை மெழுகால் மூடினாள். பரீட்சகர் கவிழ்த்துப் பார்க்காவிட்டால் தப்பலாம். பிறகு வார்னிஷ் பூசிக் காயவிட்டாள். விடிய விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை.

பரீட்சை நாள் காலை லோஞ்சில் கதிரையை வைத்ததும் ஓட்டி கேட்டான்: "என்ன அன்னபூரணமக்கா, சீதனம் முன்னுக்குப் போகுதோ? மாப்பிள்ளை பின்னாலையோ?"

அன்னபூரணம் வாய் திறக்குமுன் அப்புத்துரை முதலாளி ஏறினார். தெற்கே கடை வைத்திருந்து, போன வருடக் கலவரத்தோடு ஊருக்கு வந்துவிட்டவர். கடை போனாலும் உடம்பு போகவில்லை. மகனுக்குச் சம்பந்தம் பேச வேலணைக்குப் புறப்பட்டிருந்தார். புது வேட்டி, சரிகைச் சால்வை. லோஞ்சில் இருக்க இடமில்லை.

"அண்ணை நிக்கிறியள். இந்தாங்கோ, இருங்கோ," என்றாள் அன்னபூரணம்.

மீனலோசனி தாயின் கையைக் கிள்ளினாள். தாய் திருப்பிக் கிள்ளினாள். பெரிய மனிதர் நிற்க ஒரு கதிரை சும்மா கிடக்கலாமா? முதலாளி இருந்தார். கதிரை ஒரு சத்தமும் போடவில்லை. ஆனால் வெயில் ஏற ஏற, முதலாளியின் கீழே வார்னிஷ் மெல்ல இளகிற்று.

குறிகட்டுவான் துறையில் எல்லாரும் இறங்கினார்கள். முதலாளியும் எழும்பினார். கூடவே கதிரையும் எழும்பிற்று.

"அன்னபூரணம்."

"ஓம் அண்ணை."

"கதிரை என்னை விடுகுதில்லை."

வேட்டியை அவிழ்த்தால் விடும். அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. கல்லூரியில் ரேப்பன்ரைன் இருக்கிறது, அது வார்னிஷைக் கரைக்கும் என்றாள் மீனலோசனி. அப்படியே கதிரையோடு தூக்கி ஓர் உழவு மெசினின் பின்பெட்டியில் ஏற்றினார்கள். மடத்துவெளியால் போகும்போது சால்வையும் சந்தனப் பொட்டுமாய் உயர வீற்றிருந்தவரைக் கண்டு, வீதியோரம் நின்ற ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டும் விட்டார். முதலாளி, பாவம், கையை உயர்த்தினார்.

பரீட்சகர் பாலசிங்கம் கண்டிப்பானவர். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைக் காற்சட்டை. வரிசையாய் நின்ற கதிரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர் மீனலோசனியின் கதிரைக்கு முன் நின்றார்.

"இது ஆர்?"

"முதலாளி, சேர்."

"நான் கேட்டது கதிரை."

"அது அவருக்குக் கீழை இருக்கு, சேர்."

ரேப்பன்ரைன் போத்தல் வந்தது. மூடியைத் திறந்ததும் முதலாளி மூக்கைப் பொத்தினார். "இந்த மணத்தோடை சம்பந்தி வீட்டை போனால் என்னைக் கேற்றிலையே மறிப்பாங்கள்." கத்தரிக்கோல் வந்தது. "வேட்டியிலை கைவைச்சால் தெரியும்!"

பாலசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். "பிள்ளை, கதிரையைப் பார்க்காமல் என்னாலை புள்ளி போட ஏலாது. இவர் எழும்பாட்டில் நீர் தவறினதுதான்."

மீனலோசனிக்கு உலக்கை கண் முன்னே வந்தது. ஒரு வழி இருந்தது. ஆனால் அதைச் செய்தால் ஆணிகள் வெளியே தெரியும். தெரிந்தாலும் தவறுவதுதான். அவள் திருப்புளியை எடுத்துக்கொண்டு கதிரைக்குக் கீழே படுத்தாள்.

"மாமா, எழும்பச் சொல்லேக்கை எழும்புங்கோ."

மெழுகைச் சுரண்டி ஆணிகளைக் கழற்றினாள். முதலாளி எழும்பினார். கதிரை நின்ற இடத்திலேயே நின்றது. இருக்கைப் பலகை மட்டும் அவர் பின்னால் பெரிய முத்திரை போல ஒட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பலகை தனியே திரும்பி வந்தது, மேலெல்லாம் வேட்டி நூலோடு.

"திருகாணியோ? விதியிலை பசை எண்டெல்லோ கிடக்கு?" என்றார் பாலசிங்கம்.

"பசையைக் கடலிலை எறிஞ்சது நான்," அன்னபூரணம் முன்னுக்கு வந்தாள். "சேர், உங்கடை வீட்டுக் குசினியிலை வெள்ளிக்கிழமை மாட்டுக் குளம்பு காய்ச்சுவியளோ?"

பாலசிங்கம் பக்கத்து மேசையில் இருந்த பசைச் சட்டியைப் பார்த்தார். பிறகு தன் கையை மணந்து பார்த்தார். விதியைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை. பொருத்துகளைத் தட்டினார், சட்டங்களை மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். மீனலோசனி பலகையைத் திரும்பப் பூட்டினாள்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. பரீட்சகர் தாமே கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். அவர் பலகையைப் பார்த்தார். தன் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார்.

"கடலிலையும் றோட்டிலையும் முதலாளி இருந்ததை நான் இருந்ததாய் எடுக்கிறன். வார்னிஷுக்கு ஒரு புள்ளியும் இல்லை. மற்றதெல்லாம் சரி. சித்தி. திங்கட்கிழமை பட்டறைக்கு வாரும்."

அன்னபூரணம் மகளைக் கட்டிப் பிடித்தாள். அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. கறையை மறைக்கச் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு முதலாளி வந்தார்.

"நிண்டு நிண்டு கால் உளையுது. இருக்க ஏதும் இருக்கோ?"

கதிரைகளுக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அவரவர் கதிரையில் ஏறி இருந்துகொண்டார்கள்.