சின்னத்தாயி அடித்த இரும்பு இலை

பிரேசர் டவுனில் மசூதி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாராயணசாமியின் உலைக்கூடம் இருந்தது. ஜட்கா குதிரைகளுக்கு லாடம், வீடுகளுக்குக் கீல், கொக்கி, ஜன்னல் கம்பி என்று கை ஓயாத வேலை. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. வாயும் கோணிவிட்டதால் அவர் பேசுவது மனைவி சின்னத்தாயி ஒருத்திக்குத்தான் புரிந்தது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து துருத்தி ஊதியது அவள்தான். ஆனால் சுத்தியலைத் தொட்டால், "உனக்கு எதுக்கு அது?" என்று வாங்கி வைத்துவிடுவார்.

உலை அணைந்தே கிடந்தது. ஒருநாள் கஞ்சி புகட்டும்போது சின்னத்தாயி சொன்னாள்: "நான் அடிக்கிறேன். நீங்க சொல்லிக் குடுங்க."

அவர் சிரித்தார். கோணிய வாயில் அது சிரிப்பாகத் தெரியவில்லை. ஆனாலும் மறுவாரம் அவரே, கட்டிலை உலைப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார்.

"டாலர் அடி," என்றார்.

கழுத்துச் செயினில் கோர்க்கிற டாலரைச் சொல்கிறார் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "இரும்பு டாலரை யாருங்க போடுவாங்க?"

"யாரும் போட வோணாம். கைப் பழக்கத்துக்கு. சின்னதா ஒரு எலை அடி. நீட்டறது, தட்டறது, வளைக்கறது, கோடு போடறது, எல்லாம் அதுல வந்துடும். கெட்டுப்போனாலும் ஆணியத்தனை இரும்புதான் போவும்."

முதல் துண்டை அவள் உலையிலேயே மறந்துவிட்டாள். மத்தாப்பு போலப் பொரி பறந்து நுனி எரிந்துபோயிற்று. அடுத்ததை ஆறிக் கறுத்த பிறகும் விடாமல் அடித்ததில் விரிசல் விட்டது. காம்பை வளையமாக வளைக்கும்போது ஒடிந்தவை உலையடியில் சேர்ந்துகொண்டே போயின. நாராயணசாமி திட்டினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தைகள் எல்லாம் வந்தன. அக்கம்பக்கத்தாருக்கு அது வெறும் உளறலாகக் கேட்டிருக்கும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாதவள் போலத் துருத்தியை ஊதினாள்.

மழைக்காலத்துக்குள் காய்ந்த இரும்பின் நிறம் அவள் கண்ணுக்குப் பிடிபட்டது. எப்போது எடுக்க வேண்டும், எப்போது அடியை நிறுத்த வேண்டும் என்று கை தானாகவே அறிந்தது. ஒருநாள் ஓர் இலை முழுசாக வந்தது. நுனி கூராக இருந்தது; உளியால் போட்ட நரம்புகள் நேராக ஓடின; காம்பு வளையமாகச் சுருண்டு நின்றது. சூட்டோடு எண்ணெய் தடவித் துடைத்து, ஆறியதும் அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு போர்வையின் மேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். அதைத் தூக்க முயன்றார் போலிருக்கிறது; நெற்றி நரம்பு புடைத்தது. கை அசையவில்லை. கண்ணீர் வழிந்தது.

சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துவிட்டாள். "அழுவாதீங்க. இனிமே எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றாள்.

"அப்போ நான் எதுக்கு?" என்றார் நாராயணசாமி.

மறுநாள் கட்டிலை இழுக்கப் போனபோது, "உள்ளாறயே இருக்கட்டும்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அவர் உலைப் பக்கம் வரவே இல்லை. அவள் அடித்த கொக்கியைக் கொண்டுபோய்க் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வார். திட்டு இல்லாத வீட்டை அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் வேண்டுமென்றே ஓர் இலையைக் கெடுத்தாள். நுனியை எரியவிட்டு, காம்பைக் கோணலாக வளைத்து, அவரிடம் எடுத்துப் போனாள். "பாருங்க, என்னமோ சரியா வரலை. எங்க தப்பு?"

அவர் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவள் திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் கொல்லைப்புறம் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மார்கழிக் குளிரில் நாராயணசாமி போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜட்காக்காரர் பஷீர் வந்து வாசலில் தயங்கி நின்றார். குதிரையைக் கொண்டுவரவில்லை, கதவுக் கீல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "இது ஆவுமாம்மா? லாடத்துக்கு வேற எடம் பாத்துக்கறேன், தப்பா நெனைக்காதே," என்றார்.

"குடுங்க பாய்," என்று வாங்கிக்கொண்டாள்.

லாடம் அடிக்கச் சொல்லி அவளிடம் கடைசிவரை யாரும் குதிரையைக் கொண்டுவரவில்லை. கீலும் கொக்கியும் வந்தன. அதிலேயே அவள் காலம் ஓடியது. துருத்தியையும் அவளேதான் ஊத வேண்டியிருந்தது. வேலை ஏதாவது பிசகினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தப்பைத் தானே கண்டுபிடித்து, அடுத்த துண்டை உலையில் வைப்பாள்.