அப்பாவின் நிலையும் அம்மாவின் மஞ்சள் தண்ணீரும்

மழைவிட்ட காலையில் கதவோரம் போனால் ஈரமண் வாசம் அடிக்கும்... வீட்டுக்குள்ளேயே!

ரெண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். கடலோர ஊரான தலத்தெருவில் எங்கள் வீடு. சிமெண்ட் தரை வெடிப்பிலிருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு மண்கோடு கிளம்பி, சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

கரையான்தான், வேறு யார்!

நானும் அண்ணனும் ஈர்க்குச்சியால் உடைத்துவிடுவோம். வெள்ளை வெள்ளையாக உள்ளே ஓடும். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் புது மண் பூசியிருக்கும். கோடு கிளை கிளையாகப் பிரிந்து தேடிப் போகும். சுவிட்ச் போர்டு பக்கம் போன கிளை பாதியிலேயே காய்ந்துவிட்டது. வாசல் நிலையின் அடிப்பக்கம் போனது மட்டும் நாளுக்கு நாள் தடித்தது.

"அதுக்கு மட்டும் எப்புடிடி வழி தெரியுது?" என்பான் அண்ணன்.

அந்த நிலை அப்பா செய்தது. படகு கட்டும் தச்சுவேலை பார்த்தவர். பூவரசங்கட்டையைத் தானே இழைத்து நிறுத்தினார்... அந்த வருஷமே இறந்துபோனார். அம்மாவுக்கு அது வெறும் மரமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிக் கழுவுவாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் அந்த மஞ்சள் மேல் விரலை அழுத்தினேன். பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. அட கடவுளே... உள்ளே மரமே இல்லை, மண்தான்! அண்ணனைக் கூப்பிட்டேன்.

அண்ணன் குனிந்து பார்த்தான். கட்டையின் அடி ஊறிப்போய்க் கிடந்தது. கரையானுக்கு ஈரம்தானே வழி. வாரா வாரம் அந்த ஈரத்தைக் கொடுத்தது அம்மா.

"அம்மாகிட்ட சொல்லிடாதடி. தாங்கமாட்டாங்க."

"கடலோர மண்ணும்மா... தரை ஈரம் ஏறிடுச்சு" என்று ரெண்டு பேரும் சாதித்தோம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நிலையைப் பெயர்த்தெடுத்த அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு இரும்பு நிலை வந்தது.

போன மாதம் போனில் பேச்சுவாக்கில் சொல்கிறாள்...

"நான் ஊத்துன தண்ணிதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி."

"அப்பறம் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"புள்ளைங்க ரெண்டும் எனக்காக அவ்வளவு பாடுபட்டு பொய் சொல்லுதுங்க. அத எப்புடிடி வேணாங்கிறது?"

இப்போது ஆளுக்கொரு ஊர். தலைவலி என்றால்கூட வாட்ஸ்அப் குரூப்பில் உடனே தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு ஒரே கூரையின் கீழ் ஒருவருக்காக ஒருவர் மறைத்துக்கொண்டு கிடந்தோம்... இத்தனை வருஷம் நாங்கள்தான் அம்மாவைக் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.