மலையிடுக்குத் தண்ணீர்

அந்தத் தண்ணீரில் முதலில் கால் வைத்தவன் நான்தான். குளிர் எலும்பு வரை குத்தியது. வெளியே பாறைகள் தொட முடியாத சூட்டில் கிடந்தன.

அவுஸ்திரேலியாவின் நடுவே, பாலைவனத்தில் நீண்டு கிடக்கும் செம்மலைத்தொடர் அது. லண்டனில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற என் அத்தான், அதைப் பார்க்கவேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். அதனால் அவருடன் நான் போனேன். லண்டனில், தோர்ண்டன் ஹீத் வீட்டு வாசலில் நின்று அக்கா சொன்னாள்: “தம்பி, இவர் வயதை மறந்து துள்ளுவார். நீ பார்த்துக்கொள்.”

அத்தான் பயந்தது தாகத்துக்குத்தான். காரின் பின்பக்கம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்கள். மூன்றாம் நாள், இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, வெயிலே படாமல் கறுத்துக் கிடந்த அந்த மடுவைக் கண்டதும் சட்டையைக் கழற்றினார். மன்னார்க் கடலில் நீந்தி வளர்ந்தவர்.

“எப்பிடித் தம்பி தண்ணி?” என்று பாறைமேல் நின்று கேட்டார்.

“நல்ல இளஞ்சூடு அத்தான். குதியுங்கோ.” விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

சிரித்துக்கொண்டே குதித்தார். மேலே வந்தபோது வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் தலை தாழ்ந்துவிட்டது. எனக்கு நீந்தத் தெரியாது. கத்தினேன். அக்கரையில் இருந்த இளம் தம்பதி நீந்தி வந்து அவரை இழுத்துப்போட்டு, மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். போனில் சிக்னல் இல்லை. உதவி வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திடீர்க் குளிரில் இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொன்னார்.

லண்டனில் அடக்கப் பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: “பாலைவனத்திலை தண்ணி கிடைக்கேலையோ?” இல்லை, குளிர் என்று நான் சொன்னதும் திகைத்துப் பார்த்தார்கள். நானும் அவர்களைப்போலவே ஒன்றும் விளங்காதவன்போல நின்றேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து சனம் போனபின், ‘நல்ல இளஞ்சூடு, குதியுங்கோ’ என்று நான் சொன்ன அந்த வசனத்தை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அவர் சிரிச்சவரோ?”

“ஓம் அக்கா. குதிக்கேக்கை சிரிச்சவர்.”

கடைசிக் கோப்பையையும் துடைத்து அலுமாரியில் வைத்தாள். “இதைப் பிள்ளையளுக்குச் சொல்லாதை,” என்றாள்.

இரண்டு வருடமாகிறது. ஞாயிறுதோறும் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அது மன்னிப்புத்தானா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.