ரத்தத்தில் இருந்தது, செல்லில் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு அவர் மூன்று முறை வந்தார். பொம்மசந்திரா தொழிற்சாலையின் நீலச் சீருடை, நகக்கண்ணில் காய்ந்த பசை. நான் எதைச் சொன்னாலும் அதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். அவருடைய இரண்டு வயது மகளுக்கு மூட்டுகள் இறுகிக்கொண்டே வந்தன.

மூன்றாம் முறை, "ப்ளட்ல என்சைம் எக்கச்சக்கமா இருக்குதுன்னு நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க? அப்புறம் செல்லுக்குள்ள இல்லைன்னா எப்படி?" என்றார்.

செல் அந்த என்சைம்களைச் செய்கிறது. ஆனால் கழிவைச் சிதைக்கும் பைக்கு அவற்றை அனுப்பும் குறியை ஒட்டுவதில்லை. அதனால் அவை வெளியேறி ரத்தத்தில் கலந்துவிடுகின்றன, கழிவு செல்லுக்குள் தேங்கி மூட்டுகள் இறுகுகின்றன என்று மறுபடியும் விளக்கினேன்.

"குறி ஒட்டல. வெளிய போயிடுது," என்றார். "அந்தக் குறிய நீங்க ஒட்ட முடியாதா?"

"முடியாதுங்க. இதுக்கு இன்னும் மருந்து இல்ல."

உடனே சட்டைக் கையை மேலே மடித்து, கையை மேசைமேல் நீட்டினார். "எனக்கு அது சரியான இடத்துக்குத்தானே போகுது? எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க மேடம்."

அதுவும் உதவாது, அவருக்கு அந்த என்சைம்கள் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும், ரத்தத்தில் அதிகம் இருக்காது என்றேன். காரணத்தை விளக்கும்போது என் குரலே எனக்கு எரிச்சலூட்டியது. நான்கு வருடமாக நான் படித்துவந்தது இது ஒன்றைத்தான். அவர் கையை எடுக்கவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர் என்று நினைத்து, டெக்னீஷியன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு வந்தார். வேண்டாம் என்று டெக்னீஷியனைத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு சொட்டாவது எடுத்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. எடுத்து என்ன செய்திருப்பேன் என்றுதான் தெரியவில்லை.