பதினேழாம் நம்பர் கரண்ட் பெட்டி

"பத்தொம்பதுன்னுதானே அந்தப் பொம்பள சொன்னா? பத்தொம்ப..."

"பத்தொம்பதுல ஒரு பொட்டு நிழல் இருக்கா, சொல்லு. இங்க மரம் இருக்கு, அதான்..."

"மரத்துக்காக அடுத்தவன் இடத்துல போயி..."

"எந்த அடுத்தவன்? ஈ காக்கா இல்ல இங்க!"

"மீட்டர் வெச்சுப் பாக்காமலா சொருகப் போற, வெர்னன்?"

என் கணவர் கேபிளை இழுத்துக்கொண்டு கரண்ட் பெட்டிப் பக்கம் நடந்தார்.

இது நடந்தது. கதை கட்டுகிற வயது எனக்கு இல்லை, எழுபத்திரண்டு ஆகிறது. நம்பாதவர்கள் வந்து என் இடது முழங்காலைப் பார்க்கலாம், ஆறு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில், அரிசோனா பாலைவனத்தில், நூற்றுப் பன்னிரண்டு டிகிரி வெயிலில்.

இனிமேல் நேரத்தை நிமிஷக் கணக்காகச் சொல்வேன், அது எப்படி என்று கேட்பீர்கள். என் கணவர் வெர்னனுக்கு நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் மெஷின். அது நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இது நடந்த மே ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

வீட்டை விற்றுவிட்டு வீட்டு வண்டியில் குடியேறி அப்போது பதினொரு வருஷம். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல். குளிர்காலம் பாலைவனத்தில், கோடை வடக்கே. எங்களைப் போல ஆயிரம் கிழடுகள் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஏப்ரலில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் நாங்கள் பிந்திவிட்டோம். இப்படி வண்டி நிறுத்தித் தங்கும் ஒரு முகாமுக்குள் நுழைந்தபோது வேறு ஒரு வண்டிகூட இல்லை. முகாமைப் பார்த்துக்கொள்பவள் ஜெனீவா என்ற பெண். பத்தொன்பதாம் நம்பர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். ஆபீஸைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள்.

வெர்னன் பதினேழில் நிறுத்தினார்.

எங்கள் இருவருக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. வண்டிக்கு உள்ளே என் வேலை, வெளியே அவர் வேலை. கேபிள் மாட்டுவது, தண்ணீர் மாட்டுவது எல்லாம் அவர். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் கரண்ட் பெட்டியில் பிளக்கைச் சொருகும் முன்பு, கரண்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது மட்டும் நான். பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. அன்றைக்கு மீட்டரை எடுத்தேன். அதன் திரை எரியவில்லை. உள்ளே இருந்த சின்ன பேட்டரியை இரண்டு நாள் முன்பு பேஸ்பால் கேட்பதற்காக ரேடியோவில் போட்டுவிட்டிருந்தார் மனுஷன்.

"வேற வாங்கிப் போடுறேன்னுதானே சொன்ன?"

"போடுறேன். இப்ப பாலைவனத்துல கடை தேடவா?"

பெட்டியில் எங்கள் பிளக்குக்கு ஏற்ற சாக்கெட்டை டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். பெரிய வண்டிகளுக்கான நாலு ஓட்டை சாக்கெட்தான் திறந்திருந்தது. வெர்னன் இழுப்பறையிலிருந்து அடாப்டரை எடுத்தார். இரண்டு பக்கமும் தடித்து நடுவில் ஒல்லியாக இருக்கும். எங்கள் ஆட்கள் அதை 'நாய் எலும்பு' என்பார்கள்.

"எலும்ப மாட்டினா முடிஞ்சுது."

"எலும்பு வாயோட அளவைத்தான் மாத்தும். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு என்ன தெரியும்?"

"ஒரு நாள் பாக்காம சொருகினா செத்தா போயிடுவோம், நோரீன்?"

சொருகினார். மணி 2:40.

ஏசி உறுமியது. ஆக்சிஜன் மெஷின் தன் பாட்டைத் தொடங்கியது. புஸ்... டக். புஸ்... டக்.

சுவரில் இருந்த சின்னத் திரை பேட்டரி அளவு அறுபத்தொன்று சதவீதம் என்று காட்டியது. அதற்கும் ஒரு சண்டை இருந்தது. பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக லித்தியம் வாங்கித் தன் கையாலேயே மாட்டியிருந்தார். ஆனால் சார்ஜரை மாற்றவில்லை. பழைய சார்ஜரால் அதை ஒரு நாளும் நிரப்ப முடியவில்லை. "யானைய வாங்கிட்டு எலிக்கு வைக்கிற சோத்த வைக்கிற" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அறுபத்தொன்று இருந்தால் இன்வெர்ட்டர் வழியாக மெஷின் இரண்டு மணி நேரம் ஓடும். கையில் இருந்த சிலிண்டரும் காலி. ஆகவே அந்தப் பெட்டியிலிருந்து வரும் கரண்ட்தான் வெர்னனின் மூச்சு.

3:12.

வெளியே 'டக்' என்று ஒரு சத்தம். ஏசி நின்றது. இன்வெர்ட்டர் கீச்சிட்டுக்கொண்டு மெஷினை ஏற்றுக்கொண்டது.

வலைக்கதவு வழியாகப் பார்த்தேன். கரண்ட் பெட்டி அருகே ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். நீச்சலுடை, மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. வெறுங்கால். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆற்றில் குளித்துவிட்டு வருகிறாள் என்று நினைத்தேன்.

ஆறு அங்கிருந்து ஒன்பது மைல்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் நாயைக்கூடத் திட்டலாம், அடுத்தவர் பெட்டியில் இருக்கும் பிரேக்கர் சுவிட்சைத் தொடக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரும்மா நீ? கைய எடு அதுலேருந்து."

"இது என் இடம்."

"உள்ள நோயாளி இருக்காரு. மெஷின் ஓடணும்."

"மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

நாங்கள் போட்ட சண்டையைக் கேட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அது உனக்கு எதுக்கு?"

"பாக்கல." அவள் சிரித்தாள். "என் ஆளும் பாக்கல."

படிக்குக் கீழே மிதியடி மேல் என் ரப்பர் செருப்பு இருந்தது. மணல் உள்ளே வரக் கூடாது என்று வெளியிலேயே கழற்றி விடுவோம். மாட்டிக்கொண்டு போனேன். ஆளைக் காணோம். பெட்டி என் இடுப்பு உயரம்தான், பின்னால் ஒரு பூனைகூட ஒளிய முடியாது. பெட்டியைச் சுற்றி மணல் மட்டும் ஈரமாக இருந்தது.

பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். 3:16. நோட்டில் எழுதினேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த வெயிலில் ஈரத்துணி இரண்டு நிமிஷத்தில் அப்பளமாகிவிடும். அவள் தலை காயவேயில்லை.

4:12.

டக்.

பேட்டரியைப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது. ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியும் ஒரு புள்ளி கூடவில்லை. பழைய சார்ஜரைத்தான் திட்டினேன்.

அவள் இப்போது பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றாள். பெட்டியிலிருந்து அவள் கால் வரை மணல் கறுத்திருந்தது.

"யாரு நோரீன்?" உள்ளேயிருந்து வெர்னன்.

"யாரோ பைத்தியம். நீ எழுந்திருக்காத."

"வெளி வேல ஆம்பள வேலதானே?" என்றாள் அவள். "நீ எதுக்கு வர்ற? அவன அனுப்பு."

"வாய மூடுடி."

"அவன அனுப்பு. சொருகினது அவன்தானே."

நனைந்த தலைமுடி... நுனி நுனியாக நட்டுக்கொண்டு நின்றது. நீர் சொட்டிக்கொண்டே, மேல்நோக்கி.

நான் போய்ப் பிரேக்கரைத் தூக்கினேன். 4:20. திரும்பியபோது அவள் இல்லை. வண்டிக்குள் ஏறினேன்.

"கிளம்பிடலாம், வெர்னன்."

"இந்த வெயில்ல எஞ்சின் கொதிச்சு நடுரோட்டுல நிக்கவா? ஒரு பொம்பளைக்குப் பயந்து நிழல விட்டுட்டுப் போறதா?"

"நிழலாம் நிழல். அந்த மரத்த உன் தலையில நட."

"பொழுது சாயட்டும். போலாம்."

கடிகாரத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். 5:10. 5:11.

5:12.

டக்.

இன்வெர்ட்டர் கீச்சிட்டது. பேட்டரி ஐம்பத்தைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தெட்டு. முப்பத்தொன்று. யாரோ உறிஞ்சுவது போல...

புஸ்... டக். புஸ்...... டக்.

படிக்குக் கீழேயே அவள் நின்றாள். மிதியடி தொப்பலாக நனைந்திருந்தது. என் செருப்பைக் காணோம்.

"நகரு" என்றார் வெர்னன். எழுந்துவிட்டார். காலில் காலுறை மட்டும். மூக்குக் குழாய் பின்னால் இழுபட்டது. "என் வேல. நானே போறேன்."

"உக்காரு!"

"நகருன்னா..."

"உக்காரு கிழவா! இறங்கினா செத்தே!"

மார்பில் கை வைத்துத் தள்ளினேன். ஐம்பது வருஷத்தில் அவர் மேல் அப்படிக் கை வைத்ததில்லை. நாற்காலியில் விழுந்தார். பேட்டரி இருபது.

கதவை நோக்கிக் கை நீட்டினேன். தொடவில்லை. அதற்குள் முன்கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.

வீட்டு வண்டிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நாங்கள் சொல்லித்தரும் பாடம் அது. வண்டியின் உடம்பில் கரண்ட் ஊறினால் கால் வைத்து இறங்காதே. கை தகரத்தில், கால் தரையில் என்றால் நடுவில் நீதான் கம்பி. எதையும் தொடாமல், இரண்டு காலும் சேர்த்துக் குதி.

ஆனால் பிரேக்கர் விழுந்துவிட்டதே. அப்புறம் எங்கிருந்து ஊறுகிறது?

"இறங்கு" என்றாள். குரல் இனித்தது. "கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இறங்கு. வயசாச்சுல்ல... விழுந்துடப் போற."

நான் அசையவில்லை.

அவள் வலது கையை விரித்தாள். உள்ளங்கை குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. கைப்பிடி அகலம்.

"நானும் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கினேன்."

துடைப்பக் கட்டையால் கதவைத் தள்ளினேன்.

குதித்தேன்.

முழங்கால் கல்லில் மோதியது. முகத்துக்கு நேரே அவள் பாதங்கள். சொட்... சொட்... என் கழுத்தில் விழுந்தது. ஐஸ்.

"அவன அனுப்புன்னு சொன்னேன்."

தவழ்ந்தேன்.

"அவன அனுப்பு!"

காது பக்கத்தில்.

கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துக் கையில் சுற்றினேன். பிரேக்கரைத் தொடவில்லை. பிளக்கைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

இழுத்தேன்.

வந்தது.

எலும்பு பெட்டியிலேயே தொங்கியது.

"எஞ்சின், வெர்னன்! எஞ்சினப் போடு!"

5:19. எஞ்சின் ஓடினால் பேட்டரி ஏறும். ஏறியது. கதவை மூடாமலே கிளம்பினோம். ரத்தம் கணுக்கால் வரை வழிந்தது. வெர்னன் ஒரு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார்.

மறுநாள் நாற்பது மைல் தள்ளி ஓர் ஊரில், வீட்டு வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் எமெட் என்பவரை வரவழைத்தோம். கேபிள், இன்வெர்ட்டர், வண்டியின் உடம்பு எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"ஒரு குத்தமும் இல்லம்மா. ஆனா ஒண்ணு புரியல." தன் போனில் பேட்டரியின் பதிவைக் காட்டினார். "நேத்து ரெண்டு நாப்பதுலேருந்து எஞ்சின் போடுற வரைக்கும் சார்ஜ் ஏறவே இல்ல. பிரேக்கர் விழுந்துச்சுன்னு நீங்க சொன்ன நேரம் தவிர இறங்கவும் இல்ல. ஆனா ஏசியும் மெஷினும் ஓடிச்சுன்னு சொல்றீங்க. எங்க நிறுத்தியிருந்தீங்க?"

சொன்னோம். எமெட் ஜெனீவாவுக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"பதினேழா?" என்றாள் ஜெனீவா. "நான் பத்தொம்பதுன்னுதானே சொன்னேன்? பதினேழ யாருக்கும் குடுக்கிறதில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு... வெளிக் குழாய்ல குளிச்சிட்டு ஈரக்காலோட வண்டிக் கதவப் பிடிச்சிருக்கா. பெட்டியில வயர் மாறியிருந்துச்சு. புருஷன் பாக்காம சொருகிட்டான். எனக்கு போன் வந்தப்ப மூணு பன்னெண்டு. விரல ஒவ்வொண்ணா நிமித்தித்தான் கைய எடுத்தாங்க."

"வயர் இன்னும் மாறித்தான் இருக்கா?" என்றார் எமெட்.

"எந்த வயரு? அந்த வாரமே மெயின்ல வெட்டி, மண்ணுக்குள்ள இருந்த கேபிளையும் உருவி எடுத்தாச்சு. அது வெறும் டப்பா."

எமெட் நம்பவில்லை. அன்று மாலையே தானே போய்ப் பெட்டியைக் கழற்றிப் படம் பிடித்து வந்தார். பிரேக்கர் இருந்த இடத்தில் ஓட்டை. பின்னால் சிலந்தி வலை, கிழியாமல். முன்னால் எங்கள் நாய் எலும்பு தொங்கிக்கொண்டிருந்தது.

வெர்னன் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். காலடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புஸ்... டக். புஸ்... டக். மூக்குக் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டார்.

"அப்போ ரெண்டரை மணி நேரமா என் மூக்குல காத்து ஊதினது... யாரு, நோரீன்?"