பொட்டு வைத்த பூட்ஸ்

கடலோரத்துக் கரண்ட் கம்பெனியில் மிஷின் சூடு தணியக் கடல் தண்ணீரை இழுப்பார்கள். அந்தத் தண்ணீரோடு வரும் கொட்டலசு தொட்டிச் சுவரிலும் இரும்பு வலையிலும் ஒட்டிக் கல்லாக வளரும். சின்னச் சிப்பிதான், ஓரமெல்லாம் பிளேடு. மருந்து கலந்தால் ஒட்டாது என்று படித்தவர்கள் சொன்னார்கள். மருந்து நாற்றம் எங்கள் மூக்கில் ஏறியது. கொட்டலசு அதுபாட்டுக்கு வளர்ந்தது. கடைசியில் தண்ணீரை வற்றவைத்து, சுரண்டுவதற்கு எங்களைத்தான் சேற்றில் இறக்குவார்கள். ரப்பர் செருப்போடு இறங்குவோம். சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

என்னோடு வேலை செய்த என் நாத்தனார் சர்க்கரைக்காரி. கொட்டலசு கீறிய காயம் ஆறாமல், சிதம்பரத்தில் அவளுக்கு ஒரு கால்விரலை எடுத்தார்கள். இன்னொரு காயம் பட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் பூட்ஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது.

ஒருவழியாக ஆயுத பூஜைக்கு முதல் நாள் பூட்ஸ் வந்தது. சூப்பர்வைசர் என்ன செய்தான்? சுரண்டிகளோடு வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பூப் போட்டு, மறுநாள் கற்பூரமும் காட்டினான். பூட்ஸுக்குத் தீபாராதனையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பூஜை முடிந்த மறுநாளே சுரண்டக் கூப்பிட்டார்கள். நாத்தனார் பூட்ஸில் கை வைத்தாள். சூப்பர்வைசர் தடுத்தான்.

"ஏ ஆயா, சாமி கும்புட்டதப் போயி கால்ல மாட்டுவியா? வெள்ளிக்கெழம பூ எடுத்துட்டு அப்பறம் போட்டுக்கலாம்."

"அதுவரைக்கும் கொட்டலசு கீறாம இருக்குமா சார்?"

"அதான் பூஜ போட்டாச்சுல்ல, ஒண்ணும் ஆவாது. எறங்கு."

"அப்ப நீங்க மொதல்ல எறங்கிக் காட்டுங்க சார், நாங்க பின்னாடியே வரோம்."

மற்றப் பெண்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதே பொட்டு வைத்த சுரண்டிகளை அவனேதான் எங்கள் கையில் எடுத்துக் கொடுத்திருந்தான். கம்பெனிக்கு வேண்டிய சாமானிலிருந்து சாமி காலையிலேயே கிளம்பிவிடும். எங்கள் காலுக்கு வேண்டியதில் மட்டும் வெள்ளிக்கிழமைவரை உட்கார்ந்திருக்கும்போல.

நான் முன்னால் வந்தேன். ஒரு ஜோடியை எடுத்துப் பூவை உதறிவிட்டுக் குந்தினேன். அவள் காலைப் பிடித்து மாட்டிவிட்டேன். எல்லாம் ஆம்பளை சைஸ். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன்.

அவள் சேற்றில் இறங்கினாள். சூப்பர்வைசர் அந்தப் பூட்ஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். விரல் போன காலை ஒருநாளும் அவன் குனிந்து பார்த்ததில்லை.